டர்போ வண்டியில் இன்டர்கூலரும் ரேடியேட்டரும்: கொங்கு வெயிலுக்கும் மலைக்கும் இடம் பிரிக்கும் முறை

“பெரிய இன்டர்கூலர் போட்டா பிக்கப் கூடுமுங்களா?” என்று பட்டறையில் கேட்காதவர் இல்லை. டர்போ அமுக்கியதில் சூடேறிய காற்றை எஞ்சினுக்குள் போகுமுன் ஆற்றிக் கொடுக்கும் அலுமினியப் பெட்டிதான் இன்டர்கூலர். கூடும். ஆனால் தினமும் ஓட்டுகிற வண்டிக்கு அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அதை மாட்டிய பிறகு ரேடியேட்டருக்குக் காற்று எந்த வழியாக உள்ளே வரும், எந்த வழியாக வெளியே போகும்? வேலை முழுவதும் இந்தக் காற்று வழியைச் சுற்றித்தான். அலுமினியப் பெட்டியை எங்கே போல்ட் போடுவது என்பது அதற்குப் பிறகு வருகிற சின்ன வேலை.

இந்த வழிகாட்டி 1.0 முதல் 1.5 லிட்டர் வரையிலான டர்போ பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு, அதாவது சுமார் 150 குதிரைத்திறன் வரைக்கும் பொருந்தும். காலையில் அவினாசி ரோடு சிக்னலில் ஏசி போட்டு நின்று, வார இறுதியில் குடும்பத்தோடு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிற வண்டியை மனத்தில் வைத்து எழுதியது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கில் மட்டும் ஓடுகிற வண்டிக்குக் கணக்கு வேறு.

முதலில் சூட்டின் கணக்கு

கரூரில் கோடை மதியம், வெளிக்காற்று 40 டிகிரி. டர்போ 1 பார் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றைவிட அவ்வளவு கூடுதல் அழுத்தம் கொடுக்கிறது, டர்போவில் காற்றை அமுக்கும் பகுதியான கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அமுக்கப்பட்ட காற்று டர்போவை விட்டு வெளியே வரும்போது சுமார் 138 டிகிரி இருக்கும். 70 சதவீதம் வேலை செய்கிற ஒரு சுமாரான இன்டர்கூலர் அதை 70 டிகிரிக்குக் கொண்டுவரும். இதனால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 20 சதவீதம் கூடுகிறது. பெட்ரோல் வண்டியில் நாக்கிங் (சூட்டில் எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) குறைந்து, எஞ்சின் கணினி இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுக்காமல் இருக்கும். வெயில் காலத்தில் ‘வண்டி இழுக்கவே மாட்டேங்குது’ என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த இழுப்புதான்.

அடுத்த கணக்கைப் பலர் போட்டே பார்ப்பதில்லை. 110 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் நொடிக்குச் சுமார் 80 கிராம் காற்றை இழுக்கும். அதை 68 டிகிரி குளிர்விக்க இன்டர்கூலர் வெளியே தள்ளும் வெப்பம் 5.5 கிலோவாட் அளவுதான். அதே நேரத்தில் ரேடியேட்டர் 50 கிலோவாட் பக்கம் தள்ளுகிறது. முன்பக்கம் வழியாக நொடிக்கு ஒரு கிலோ காற்று போகிறது என்றால், இன்டர்கூலர் அந்தக் காற்றை ஐந்தாறு டிகிரிதான் சூடாக்கும். ஆனால் அந்தப் பெட்டி வழியை அடைத்து, காற்றின் அளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், ரேடியேட்டரைக் கடக்கும் காற்று 50 டிகிரிக்குப் பதில் 62 டிகிரி ஏற வேண்டியிருக்கும். ஆக, இன்டர்கூலர் கொடுக்கும் சூட்டைவிட அது அடைக்கும் வழிதான் ரேடியேட்டரைக் கெடுக்கிறது. சிக்னலில் நிற்கும்போது பூஸ்டே கிடையாது, இன்டர்கூலர் சூடே கொடுப்பதில்லை. அப்போதும் வண்டி ஹீட் ஆகிறது என்றால் காரணம் இன்டர்கூலரின் சூடு அல்ல.

இன்டர்கூலர் தேர்வு, இடம், சீல் எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கை வைத்தே முடிவு செய்யலாம்.

படி 1: வேலைக்கு முன் அளந்து எழுதி வையுங்கள்

எஞ்சின் கணினியின் அளவுகளைப் படித்துக் காட்டும் ஒரு ஓபிடி கருவியைச் செருகி மூன்று எண்களைப் பாருங்கள்: கூலன்ட் சூடு, உள்ளிழுக்கும் காற்றின் சூடு, மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் குழாய்) அழுத்தம். காற்றுச் சூட்டு சென்சார் உங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் மட்டும் இருந்தால் அது டர்போவுக்கு முந்தைய காற்று. இன்டர்கூலரைப் பற்றி எதுவும் சொல்லாது. த்ராட்டிலுக்கு (எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வு) அருகில் அல்லது மேனிஃபோல்டில் இருப்பதுதான் நமக்கு வேண்டும்.

மதியம் இரண்டு மணி வெயிலில், ஏசி முழுதாகப் போட்டு 15 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விட்டு ஒரு பதிவு. பிறகு 80 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம். பிறகு ஒரு மலை ஏற்றம். ஏசி மெக்கானிக்கிடம் சொல்லி, நின்ற நிலையில் கேஸின் உயர் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் இல்லாமல் செய்கிற வேலை நன்றாக வந்ததா கெட்டுப்போனதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

படி 2: இடத்தைத் தேர்ந்தெடுப்பது

டாப் மவுண்ட், அதாவது எஞ்சினுக்கு மேலே படுக்க வைத்து பானெட்டில் ஸ்கூப், அதாவது காற்றை அள்ளும் வாய் வைப்பது. சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், பழைய 3.0 லிட்டர் ஃபார்ச்சூனர் ஆகியவற்றில் இப்படித்தான் இருந்தது. குழாய் குட்டை, ரேடியேட்டருக்குத் தொந்தரவே இல்லை. ஆனால் நகரத்தில் நின்று நின்று போகும்போது எஞ்சின் சூடு கீழிருந்து ஏறி அதையே அடுப்பு மேல் தோசைக்கல் ஆக்கிவிடும். ஸ்கூப் இல்லாமல் தொழிற்சாலையில் வந்த வண்டிக்கு இதைப் புதிதாகச் செய்யத் தேவையில்லை.

சைடு மவுண்ட், பம்பர் ஓரத்தில் ஃபாக் விளக்குக்குப் பின்னால். ரேடியேட்டர் முழுதாகத் தப்பிக்கும். ஆனால் உள்ளே வர ஒரு டக்ட் (காற்றுப் பாதை), வெளியே போக வீல் ஆர்ச் லைனரில் கிழிசல் வழி, இரண்டும் வேண்டும். வெளியேறும் வழி இல்லாமல் வைத்தால் பெட்டி வெறும் சூட்டுச் சேமிப்பாக நின்றுவிடும். தொழிற்சாலைப் பவரிலேயே ஓட்டுகிறவர்களுக்கு இது மிக நல்ல இடம். டயர் முழுதாகத் திருப்பிய நிலையிலும், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கிய நிலையிலும் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஃப்ரன்ட் மவுண்ட், ரேடியேட்டருக்கு முன்னால். அதிகம் பேர் கேட்பது இதுதான், அதிகம் கெடுத்துக்கொள்வதும் இதில்தான். எங்கள் பரிந்துரை: பம்பரின் கீழ் வாய்க்குப் பின்னால், ரேடியேட்டர் உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கு முதல் 40 சதவீதம் வரை மட்டும் மறைக்கும்படி வையுங்கள். மேல் பாதி திறந்திருக்கட்டும். முழு முகத்தையும் மறைக்கும் பெரிய இன்டர்கூலர் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஏப்ரல் மாதத்தில் ஈரோடு பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்தால் டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டு ஊசி ஏறும்.

தண்ணீர் வழி இன்டர்கூலர் இன்னொரு வகை. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் 1.0 டிஎஸ்ஐ எஞ்சினில் இன்டர்கூலர் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது. முன்னால் ஒரு தனிச் சிறு ரேடியேட்டர், தனி மின் பம்பு. இந்த வண்டி வைத்திருப்பவர்கள் முன்னால் எந்தக் காற்று இன்டர்கூலரும் மாட்ட வேண்டாம். அந்தச் சிறு ரேடியேட்டரைச் சுத்தமாக வைத்து, பம்பு ஓடுகிறதா என்று பார்த்தாலே போதும். மற்ற வண்டியில் இதைப் புதிதாகச் செய்கிறவர்கள், எஞ்சின் கூலன்டை அந்தச் சுற்றில் கலக்கக் கூடாது. 90 டிகிரித் தண்ணீரால் காற்றை 60 டிகிரிக்கு எப்படிக் குளிர்விக்க முடியும்?

எஞ்சின் முன்னால் ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் ‘வி’ வடிவில் சாய்த்து வைப்பது பந்தய வண்டி வேலை. பானெட்டை வெட்ட வேண்டும், மழை உள்ளே இறங்கும். விட்டுவிடுங்கள்.

படி 3: வரிசையும் இடைவெளியும்

முன்னாலிருந்து பின்னால்: இன்டர்கூலர், ஏசி கன்டென்சர் (ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் பெட்டி), ரேடியேட்டர், ஃபேன். எதன் வேலைச் சூடு குறைவோ அது முன்னால். இன்டர்கூலர் வெளிக்காற்றை நெருங்கப் பார்க்கிறது, கன்டென்சர் 55 முதல் 65 டிகிரியில் வேலை செய்கிறது, ரேடியேட்டர் 90-க்கு மேல். ரேடியேட்டருக்குச் சற்று வெதுவெதுப்பான காற்று வந்தாலும் தாங்கும், இன்டர்கூலர் தாங்காது.

பெட்டிகளுக்கு நடுவே 10 முதல் 25 மி.மீ. விடுங்கள். உரசினால் அதிர்வில் கன்டென்சர் ஓட்டை விழும். அதற்காக இடைவெளியை இன்னும் அகலமாக விட்டு ஓரங்களைத் திறந்து போட்டால் காற்று சுலபமான பக்கம் நழுவிவிடும். கன்டென்சரை நகர்த்தாமல் வேலையை முடிக்கப் பாருங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் கேஸை மெக்கானிக் எடுத்துவிட்டு, திரும்ப மாட்டியபின் அரை மணி நேரமாவது வாக்குவம் இழுத்து ஏற்ற வேண்டும்.

பம்பருக்குள் இருக்கும் குறுக்கு இரும்பை வெட்டாதீர்கள். இன்டர்கூலர் பெரிதாக இருக்கிறது என்று அதைக் குடைந்து எடுப்பவர்கள் உண்டு. நேருக்கு நேர் மோதலில் உயிரைக் காக்கும் பாகம் அது. வண்டியின் மூல அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் வருகிற விஷயம் என்பதையும், வாரண்டி, இன்சூரன்ஸ் இரண்டும் கேள்விக்குள்ளாகலாம் என்பதையும் தெரிந்தே தொடங்குங்கள்.

படி 4: இன்டர்கூலர் வாங்கும்போது

தடிமன் 50 முதல் 65 மி.மீ. போதும். 100 மி.மீ. தடிமன் பெட்டியில் பின்பாதியைக் காற்று எட்டும்போதே சூடாகியிருக்கும். பின்பாதி வேலை செய்யாது, வழியை மட்டும் அடைக்கும். பணத்தை முகப் பரப்பில் போடுங்கள், தடிமனில் அல்ல.

பார் அண்ட் பிளேட் வகை கனமானது, கல்லடி தாங்கும், ஒரு குறுகிய வேக எடுப்பில் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் தினசரி ஓட்டத்துக்கு, அதுவும் ரேடியேட்டருக்கு முன்னால் வைப்பதற்கு, டியூப் அண்ட் ஃபின் வகையையே சொல்வோம். எடை குறைவு, நின்றபின் சீக்கிரம் ஆறும், பின்னால் இருப்பவற்றுக்குக் காற்றை அதிகம் விடும். அழுத்த இழப்பு முழு பூஸ்டில் 0.1 பாருக்குள் இருக்க வேண்டும். பெட்டிக்கு முன்னும் பின்னும் ஒரு கேஜ் வைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

பெரிய பெட்டி வைத்தால் லேக், அதாவது மிதித்தபின் பூஸ்ட் வரத் தாமதம், வரும் என்ற பயம் அளவுக்கு மீறியது. 1.2 லிட்டர் எஞ்சின் 2,000 சுற்றில் நொடிக்கு 20 லிட்டர் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. மூன்று லிட்டர் கூடுதல் இடத்தை நிரப்ப ஒரு நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் ஆகும்.

படி 5: குழாய் வேலை

150 குதிரைத்திறன் வரை 2 அங்குலம், அதாவது 51 மி.மீ. அலுமினியக் குழாய் தாராளம். 2.5, 3 அங்குலம் என்று போவது இடத்தைத் தின்பதற்குத்தான். பொதுவாக ஆகும் பொருள்கள்: சுமார் இரண்டரை மீட்டர் குழாய், 90 டிகிரி வளைவு நான்கு, 45 டிகிரி இரண்டு, நான்கு அடுக்கு சிலிகான் ஹோஸ் ஆறு முதல் எட்டு, டி-போல்ட் கிளாம்ப் பன்னிரண்டு முதல் பதினாறு.

கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறைக்கும் ஆர்கான் வெல்டிங்குக்கும் பஞ்சமில்லை. கொடுக்கும்போது கட்டாயம் சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, ஒவ்வொரு குழாய் முனையிலும் மேடு எடுத்துத் தர வேண்டும். வழுவழுப்பான முனையில் எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் முந்திச் செல்லும் நேரத்தில் ஹோஸ் பிடுங்கிக்கொள்ளும். இரண்டு, வெல்டிங்குக்குப் பிறகு உள்ளே துணி விட்டு இழுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, காற்றடித்துத் தர வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் ஒரு மணித் துகள் த்ராட்டிலைத் தாண்டிப் போனால் சிலிண்டருக்குள்தான் போய் நிற்கும்.

எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடுகிறது, இன்டர்கூலர் பாடியோடு நிற்கிறது. ஆகவே எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் சூட்டுக் குழாயில் ஒன்று, குளிர்க் குழாயில் ஒன்று என்று புடைப்புள்ள ஹோஸ் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் விறைப்பாக இணைத்தால் சில மாதங்களில் இன்டர்கூலர் தொட்டியின் வெல்டிங் தையல் விடும். பெட்டியைக் கீழே இரண்டு ரப்பர் புஷ் மேல் உட்கார வைத்து, மேலே இரண்டு பட்டையில் பிடியுங்கள், கன்டென்சரில் தொங்கவிடாதீர்கள். எந்தக் குழாயும் வண்டியின் அடியில் குறுக்கே போகும் கிராஸ் மெம்பர் சட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது. நம் ஊர் வேகத்தடைகள் அதைச் சும்மா விடாது.

மாட்டியபின் கசிவுச் சோதனை. டர்போ வெளிவாய் முதல் த்ராட்டில் வரை தனியாகப் பிரித்து, இரு முனையையும் அடைத்து, ஒரு முனையில் டயர் வால்வு வைத்து 1 பார் காற்று ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவுங்கள். டர்போவின் உள்வாயிலிருந்து ஏற்றினால் கிராங்க் கேஸ் (எஞ்சினின் கீழ் எண்ணெய் அறை) ஹோஸ் வழியாக அழுத்தம் போய் எண்ணெய் சீல் கெடும். அந்த வழியைத் தவிர்க்கவும். பழைய குழாயில் லேசான எண்ணெய்ப் பசை சாதாரணம். கவிழ்த்தால் ஒழுகும் அளவு எண்ணெய் இருந்தால் இன்டர்கூலரை மாட்டுமுன் டர்போவையும் கிராங்க் கேஸ் வால்வையும் பாருங்கள்.

படி 6: அடைக்க வேண்டியதை அடையுங்கள்

பலர் விட்டுவிடுகிற படி இது. பாதிப் பலன் இங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் பள்ளம் பார்த்துப் போவதுபோல காற்று தடையில்லாத பக்கம் போகும். பம்பர் வாய்க்கும் பெட்டிகளுக்கும் நடுவே பக்கவாட்டில், மேலே, கீழே ஓட்டை இருந்தால் காற்று ஃபின்களுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். வண்டி நிற்கும்போது இன்னும் மோசம்: எஞ்சின் அறையின் சுடு காற்று அதே ஓட்டைகள் வழியாக முன்னால் வந்து, ஃபேன் அதையே மறுபடி இழுக்கும். வெளியே 38 டிகிரி என்றாலும் ரேடியேட்டர் குடிப்பது 60 டிகிரிக் காற்றாக இருக்கும்.

2 மி.மீ. அலுமினியத் தகடும், தண்ணீர் உறிஞ்சாத 10 முதல் 20 மி.மீ. ரப்பர் ஃபோமும் வாங்குங்கள். பம்பர் வாயின் நான்கு ஓரத்திலிருந்தும் பெட்டி ஓரம் வரை தகட்டால் பெட்டிபோல் மூடி, தொடும் இடத்தில் ஃபோம் ஒட்டுங்கள். பாதி ரேடியேட்டரை மட்டும் மறைக்கும் இன்டர்கூலருக்கு இது இரட்டிப்பு முக்கியம். இல்லையென்றால் காற்றெல்லாம் திறந்த மேல் பாதிக்கே ஓடி, இன்டர்கூலர் பட்டினி கிடக்கும். கீழ் வாய்க்குத் தனி டக்ட், மேல் கிரில்லுக்குத் தனி டக்ட் என்று பிரித்துவிடுங்கள்.

எஞ்சினுக்குக் கீழ் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி எறிந்தால் வண்டி குளிரும் என்று நினைப்பது தவறு. அது இருப்பதால்தான் எஞ்சின் அறைக் காற்று ஒழுங்காக வெளியேறுகிறது. உடைந்திருந்தால் புதிது போடுங்கள்.

நம்பர் பிளேட் இன்டர்கூலர் வாய்க்கு நேரே இருந்தால், தெளிவாகத் தெரியும்படி பம்பரின் மேல் பகுதிக்கு மாற்றுங்கள். கிரில்லுக்கு முன்னால் கூடுதல் விளக்கு வேண்டாம். ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றையும் மாலையையும் நீண்ட பயணத்துக்கு முன் அவிழ்த்துவிடுங்கள்.

படி 7: ரேடியேட்டரும் ஃபேனும்

முன்னால் இன்டர்கூலர் வந்துவிட்டால் 16 மி.மீ. தடிமன் ரேடியேட்டரை, அதே நீள அகலத்தில் 26 மி.மீ. தடிமன் கிடைத்தால் மாற்றுவது நல்லது. ரேடியேட்டரைக் கீழே இறக்கி வைக்காதீர்கள். நிரப்பும் வாய் எஞ்சின் தலைக்குக் கீழே போனால் காற்றுக் குமிழ் வெளியேறாது; கேஸ்கட் போவதற்கு அது போதும். மாற்றியபின் வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காற்றை வெளியேற்றுங்கள்.

ஃபேன் பின்னாலிருந்து இழுப்பதாக இருக்கட்டும். ஃபேனைச் சுற்றியுள்ள கூடான ஷ்ரவுட் ரேடியேட்டர் முகம் முழுவதையும் மூட வேண்டும். ஃபேன் வட்டத்துக்கு மட்டும் இருந்தால் மூலைகள் சும்மா கிடக்கும். ஃபேன் இலைக்கும் ரேடியேட்டருக்கும் 25 மி.மீ. இடைவெளி நல்லது. வேகத்தில் காற்று தடைபடாமல் இருக்க ஷ்ரவுடில் ரப்பர் மடிப்புக் கதவுகள் நான்கைந்து வையுங்கள். மின்சாரத்துக்கு 40 ஆம்பியர் ரிலே, தனி ஃபியூஸ், 4 சதுர மி.மீ. ஒயர். மெல்லிய ஒயரில் வோல்ட் இறங்கி ஃபேன் சோம்பேறியாகச் சுற்றுவதைப் பலர் ரேடியேட்டர் பழுது என்று நினைத்துச் செலவு செய்கிறார்கள்.

கூலன்ட் கலக்க நம் போர் தண்ணீர் ஆகாது. உப்புப் படிந்து குழாய்களைச் சுருக்கிவிடும். சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு இனித்தாலும் ரேடியேட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான்.

ரேடியேட்டர் மூடியை மறக்காதீர்கள். 1.1 பார் மூடி சரியாக இருந்தால் கூலன்ட் 120 டிகிரியிலும் கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தால் சமவெளியில் தெரியாமலே ஓடும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் சாதாரணத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அங்கேதான் பழுதான மூடி தன்னைக் காட்டும். விலை குறைந்த பொருள், சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

படி 8: ஓட்டிப் பார்ப்பது

முதலில் எழுதி வைத்த அதே சோதனைகளை அதே மாதிரி வெயிலில் திரும்பச் செய்யுங்கள். 80 கிலோமீட்டர் சீரான ஓட்டத்தில் உள்காற்று, வெளிக்காற்றைவிட 10 முதல் 15 டிகிரிக்குள் அதிகமாக இருந்தால் நல்ல வேலை. நின்ற நிலையில் ஏசியோடு கூலன்ட் 105 டிகிரியைத் தாண்டக் கூடாது; ஃபேன் ஓடினால் இறங்கவும் வேண்டும். ஏசி உயர் அழுத்தம் முன்பைவிட 30, 40 பி.எஸ்.ஐ. கூடியிருந்தால் கன்டென்சருக்குக் காற்று போகவில்லை. படி 6-க்குத் திரும்புங்கள்.

நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் ஃபேன், ஷ்ரவுட், அல்லது சுடு காற்று திரும்பி வருவது. நின்றால் சரி, ஓடினால் சூடு என்றால் முன்பக்க அடைப்பு, டக்ட் ஓட்டை, அல்லது உள்ளே உப்புப் படிந்த ரேடியேட்டர். உள்காற்று மட்டும் சூடு என்றால் இன்டர்கூலருக்குக் காற்று நுழையவில்லை, அல்லது குளிர்க் குழாய் எக்ஸாஸ்ட் பக்கம் போகிறது.

உண்மையான பரீட்சை திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஏறும்போது எஞ்சினுக்கு முழுப் பாரம், வண்டிக்கு 20 கிலோமீட்டர் வேகம். காற்று ஃபேன் தருவது மட்டுமே. இங்கே ஊசி நின்ற இடத்தில் நின்றால் வேலை தேறியது. காற்றின் திசையையும் கணக்கில் எடுங்கள். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது, வாளையாறிலிருந்து கோவை நோக்கி 60-ல் வந்தால் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ரேடியேட்டர் உணரும் வேகம் 30, 40-தான். எதிர்த்திசையில் எண் அழகாக வரும். அதை நம்பி முடிவு செய்யாதீர்கள், இரு திசையிலும் ஓட்டுங்கள்.

மலையில் குளிர் இருக்கிறதே என்று டர்போவை மறக்கவும் கூடாது. ஊட்டியில் காற்றழுத்தம் முக்கால் பாருக்குச் சற்று மேல். கீழே கிடைத்த அதே மேனிஃபோல்ட் அழுத்தத்தைக் கொடுக்க டர்போ காற்றை இரண்டரை மடங்கு அமுக்குகிறது. வெளியே 20 டிகிரியாக இருந்தாலும் டர்போ வாயில் காற்று 150 டிகிரியைத் தொடும்.

பராமரிப்பு

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் ஓடும் வண்டிகளில் பஞ்சுத் தூசு ஃபின்களில் மெத்தைபோல் படியும். பொள்ளாச்சியில் அதே வேலையைத் தென்னை நார்த் தூசு செய்யும். வெளியிலிருந்து பார்த்தால் இன்டர்கூலர் பளிச்சென்று இருக்கும். பஞ்சு கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒளிந்திருக்கும். இந்த ஊர்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மற்ற இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மேல் தகட்டைக் கழற்றி விளக்கடித்துப் பாருங்கள். கழுவும்போது சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னால் விடுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கமாகப் பிடித்தால் ஃபின்கள் ஒரே அடியில் மடங்கிப் படுத்துவிடும்.

புதிய வேலை முடிந்து 500 கிலோமீட்டரில் எல்லா கிளாம்ப்பையும் ஒருமுறை திரும்ப இறுக்குங்கள்; சூடேறி ஆறியதில் சிலிகான் கொஞ்சம் அமுங்கியிருக்கும். அப்போதே ஃபோம் ஒட்டிய இடங்கள் பெயர்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். கூலன்ட் அளவை எஞ்சின் முழுதாக ஆறிய காலையில் மட்டும் பார்க்கவும்.